‘டூம்’ என்னும் பழஞ்சொல்

ஆங்கிலத்தில் ‘டூம்’ என்றொரு சொல் உண்டு. அதன் பொருள் யாதென்று ஆங்கிலம் கற்றவர் எவரைக் கேட்டாலும் அழிவு, கேடு, தப்ப இயலாத தீயூழ் என்றே விடை கூறுவர். கப்பல் மூழ்கப்போகின்றது, கோட்டை வீழப்போகின்றது என்னும் நிலையிற் கதாசிரியர் கையாளும் சொல் அது. கேட்ட அளவிலே நெஞ்சிற் சிறிது இருள் படரச் செய்யும் ஒலியும் அதற்கு அமைந்திருக்கின்றது. ஆனால், ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் அரசாண்ட மன்னன் ஒருவன், தன் குடிகள் ஒருவரையொருவர் வெட்டி மடியாதிருத்தற்பொருட்டு வகுத்த சட்டங்கள் இதே சொல்லாலேயே வழங்கின. காவலைக் குறித்த சொல் கேட்டைக் குறிக்கும் சொல்லாக மாறியது எவ்வாறு என்பது, ஆங்கில மக்களின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கும் கதையாகும்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘டோம்’ என ஒலித்தது. வைக்கப்பட்டது, நிலைநிறுத்தப்பட்டது என்பதே அதன் அடிப்படைப் பொருள். செய்தலைக் குறிக்கும் ‘டூ’ என்னும் எளிய ஆங்கில வினையும் இதனோடு ஒரே வேரிற் பிறந்தது. கிரேக்கர் அறநெறிக்குத் தெய்வமாகக் கொண்ட தெமிஸ் என்பாளின் பெயரும், வைத்தல், நிறுவுதல் எனப் பொருள்படும் ‘தா’ என்னும் வடமொழி வினையடியும் அவ்வேரினவே என்பது மொழிநூலார் துணிபு. மக்கள் முன்னிலையில் அசைக்கவொண்ணாதபடி வைத்துவிட்ட சொல் எதுவோ, அதுவே டோம். வழக்கைக் கேட்டு முடிவு கூறினால் அது டோம். அரசன் ஆணை பிறப்பித்தால் அதுவும் டோம். அவ்வாறு முடிவு கூறும் உரிமையும் டோம். ஒருவன் இறந்தபின் ஊரார் அவனைப்பற்றிக் கொள்ளும் மதிப்பும், அம்மதிப்பினால் நிலைக்கும் புகழும் டோம். இன்று சட்டத்தைக் குறிக்க வழங்கும் ‘லோ’ என்னும் சொல்லோ ஆங்கிலருக்குச் சொந்தமானதன்று. கொள்ளையிட வந்து குடியேறிய டேனியர் அதனைக் கொண்டுவந்தனர். இடப்பட்டது என்பதே அதற்கும் பொருள் என்பது வியப்பு.

முதலில் நோக்கத்தக்கவை கென்ற் நாட்டு மன்னன் எதெல்பெர்ட்டின் டோம்கள். உரோமாபுரியிலிருந்து பாப்பரசர் கிரகோரியார் அனுப்பிய அகஸ்தீன் என்னும் துறவி 597ஆம் ஆண்டில் கென்ற் நாட்டை அடைந்தார். மன்னன் கிறிஸ்தவனானான். அதனை அடுத்துச் சில ஆண்டுகளில், 616இல் அவன் இறப்பதற்கு முன்னர், இச்சட்டங்கள் எழுத்தில் அமைந்தன. ஐரோப்பாவின் ஏனைய ஜெர்மானிய அரசர்கள் தம் சட்டங்களை இலத்தீன் மொழியில் எழுதுவித்திருக்க, எதெல்பெர்ட் ஒருவனே தன் மக்கள் பேசிய மொழியில் எழுதுவித்தான். ஆங்கில மொழியில் இயற்றப்பட்ட மிகப் பழைய நூல் என்று காட்டத்தக்கது இதுவே. ஒரு மொழியின் எழுத்து வரலாறு பாட்டில் தொடங்காது அபராதப் பட்டியலில் தொடங்குவது சிலருக்கு ஏமாற்றமாயிருக்கலாம். ஆயினும், அப்பட்டியலைப் படிப்போருக்கு அதில் ஒரு சமுதாயமே தெரியும்.

ஒருவன் மற்றொருவனின் கண்ணைப் போக்கினால் 50 ஷிலிங்; காலை வெட்டினாலும் 50; காதை அறுத்தால் 12; முன்பல் ஒன்றுக்கு 6; கட்டைவிரலுக்கு 20; கட்டைவிரல் நகத்துக்கு 3. நடுவிரலுக்கு நான்கே ஷிலிங் வைத்தவர்கள் சுண்டுவிரலுக்குப் பதினொன்று வைத்தார்கள். தலைமயிரைப் பற்றி இழுப்பதிலிருந்து காற்பெருவிரல் வரை எதுவும் விடுபடவில்லை. இது கொடுமையன்று, கொடுமைக்கு இட்ட அணையாகும். அந்நாளில் ஒருவன் வெட்டுண்டால் அவன் சுற்றத்தார் வெட்டியவனின் சுற்றத்தாரை வெட்டுவர். பழி தலைமுறை தலைமுறையாய்த் தொடரும். குருதிக்குக் குருதி என்பதனைக் குருதிக்குப் பொருள் என மாற்றி, அப்பொருள் இவ்வளவே என முன்கூட்டி நிறுத்தியதே டோம் ஆற்றிய பணி. இச்சட்டங்கள் 1120ஆம் ஆண்டுகளில் றொச்செஸ்ரர் தேவாலயத்திற் பிரதிசெய்யப்பட்ட ஒரேயொரு நூலில் மட்டுமே எஞ்சியுள்ளன. அந்நூலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றுநீரில் வீழ்ந்து மீட்கப்பட்டது. நீர்க்கறை அதன் ஏடுகளில் இன்றும் உண்டு.

எதெல்பெர்ட்டின் பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து, வெசெக்ஸ் நாட்டு மன்னன் அல்பிரெட் ‘டோம்பொக்’, அதாவது தீர்ப்பு நூல், என்னும் தொகுப்பை ஆக்குவித்தான். டேனியரை 878இல் எடிங்டன் போரில் வென்று, எரிந்து கிடந்த நாட்டை மீளக் கட்டிய மன்னன் அவன். அவன் தன் நூலைச் சீனாய் மலையில் மோசே பெற்ற பத்துக் கட்டளைகளுடன் தொடங்கினான். பிறர் உனக்குச் செய்யலாகாது என நீ எதனை நினைக்கின்றாயோ அதனைப் பிறர்க்குச் செய்யாதே என்னும் நெறியை எடுத்துக் கூறி, இந்த ஒரு டோமை மனத்திற்கொண்டு நேர்மையாகத் தீர்ப்பளிப்பவனுக்கு வேறு டோம் நூல் எதுவும் வேண்டியதில்லை என்றும் எழுதினான். இவ்வாறு எழுதியவன் அதன் பின்னர் நீண்டதொரு சட்டத் தொகுப்பையும் சேர்த்தது முரண்போலத் தோன்றும். மனிதரை அறிந்த அரசன் அவன் என்பதே அதற்கு விளக்கமாகலாம். முன்னோர் சட்டங்களுள் நல்லனவற்றைத் திரட்டியதாகவும், பின்வருவோருக்கு எவை பிடிக்குமோ என அறியாமையாற் தன்னுடையனவாகப் பலவற்றைச் சேர்க்கத் துணியவில்லை என்றும் அவன் குறித்துள்ளான். வெற்றி பெற்ற மன்னரிடம் இத்தகைய அடக்கம் அரிது.

அல்பிரெட்டின் வரலாற்றை 893இல் எழுதிய அசர் என்னும் வேல்ஸ் நாட்டுத் துறவி சுவையானதொரு செய்தியைத் தருகின்றார். நாட்டில் தீர்ப்புக் கூறியவர்களுள் பலர் எழுத்தறியாதவர். தவறான தீர்ப்புகளை மன்னன் ஆராய்ந்து, கற்றறியுங்கள், அன்றேல் பதவியை விடுங்கள் என்று கடிந்தானாம். படைக்கலமன்றி வேறெதனையும் கையாற் பற்றியறியாத பெரியவர்கள் நடுங்கிக்கொண்டு எழுத்துக் கூட்டத் தொடங்கினர். வயதின் மிகுதியாற் கற்க முடியாதவர் தம் மகனையோ உறவினனையோ பணியாளனையோ இருத்தி, இரவும் பகலும் ஆங்கில நூல்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டனர். இளமையிற் கல்லாது போனோமே என்று அவர்கள் பெருமூச்செறிந்ததையும் அசர் மறவாது எழுதியுள்ளார்.

டோம் என்னும் சொல்லுக்குத் ‘தன் விருப்பம்’ என்றொரு பொருளும் இருந்தது. முடிவு கூறும் உரிமையை ஒருவனிடமே விட்டுவிட்டால், அவன் விரும்பியதே முடிவு ஆகும் அன்றோ? வெசெக்ஸில் அரசனைக் கொன்ற சைன்ஹெர்ட் என்னும் இளவரசன், கொல்லப்பட்டவனின் வீரரை நோக்கி, எனக்கு அரசைத் தந்தால் பொன்னும் நிலமும் உங்கள் டோம்படியே தருவேன் என்றதாக ஆங்கிலோ சாக்சனிய ஆண்டுக் குறிப்பு கூறும். தம் தலைவனைக் கொன்றவனுக்கு ஒருபோதும் பணியோம் என்று அவர்கள் மறுத்து, போரிட்டு, அவனைக் கொன்றனர்.

991ஆம் ஆண்டு எசெக்ஸ் நாட்டு மோல்டன் என்னுமிடத்தில் நடந்த போரைப் பாடும் பழம் பாட்டொன்றில், இச்சொல் இருவேறு முகங் காட்டுவது இன்னுஞ் சிறப்பு. ஆற்றின் அக்கரையிற் கப்பலோடு வந்து நின்ற வைக்கிங் படையின் தூதன், கடலோடிகள் தம் டோமினால் விதிக்கும் தொகையைத் தந்து சமாதானம் பெறுக என்று கூவுகின்றான். ஆங்கிலர் தலைவன் பைர்த்நொத் மறுக்கின்றான். போர் மூளுகின்றது. அப்போது, டேனியரை எதிர்த்து டோம் ஈட்ட விரும்பும் வீரர் என்று பாட்டு பேசுகின்றது. முன்னையது பகைவன் கேட்கும் விலை. பின்னையது அதனை மறுத்தவன் அடையும் புகழ். ஒரே சொல். பைர்த்நொத் அப்போரில் மடிந்தான். அதே ஆண்டில் 10,000 இறாத்தல் வெள்ளி டேனியருக்குத் திறையாக அளிக்கப்பட்டது. அப்பாட்டு இருந்த ஏடு 1731இல் இலண்டனில் ஆஷ்பர்ணம் மாளிகை எரிந்தபோது சாம்பலாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஒரு பிரதி எடுக்கப்பட்டிருந்தமையால் பாட்டு பிழைத்தது.

அதே நெருப்பிற் கருகியும் தப்பிய மற்றோர் ஏட்டிலேதான் ‘பேயவுல்ப்’ என்னும் பெருங்காவியம் உள்ளது. கிழவனாகிய வீரன் நாகத்தோடு பொருது வீழ்கின்றான். அவன் உயிர், வாய்மையாளரின் டோமை நாடிச் சென்றது என்கிறார் புலவர். அறிஞரிடையே நெடுங்காலம் வழக்காடப்பட்ட இடம் இது. வாய்மையாளருக்கு இறைவன் அளிக்கும் தீர்ப்பு என்று கொண்டால், புறச்சமய வீரனும் மோட்சத்தை எதிர்நோக்கினான் என்றாகும். வாய்மையாளர் அவனுக்கு அளிக்கும் புகழ் என்று கொண்டால், மண்ணில் நிலைக்கும் பெயரையே அவன் நாடினான் என்றாகும். ஒரு கிறிஸ்தவப் புலவர் தம் கிறிஸ்தவரல்லாத முன்னோரைப் பாடும்போது, அவர்களை நரகத்துக்கு அனுப்பவும் மனம் வராது, சுவர்க்கத்தில் ஏற்றவும் துணிவு வராது, இரண்டுக்கும் இடங்கொடுக்கும் சொல்லைத் தெரிந்து வைத்தார் என்று கொள்வதே பொருத்தம். டோம் என்னும் சொல் இல்லையேல் அவருக்கு அந்த வழி திறந்திராது.

கிறிஸ்து சமயம் வேரூன்றிய பின் உலக முடிவில் நிகழும் நியாயத்தீர்ப்பும் டோம் எனப்பட்டது. அந்நாள் ‘டோம்ஸ்டே’ ஆயிற்று. ஆயினும், அல்பிரெட் காலத்திலும் அவனுக்குப் பின்னும் ஊர்மன்றுகளில் வழக்குத் தீர்க்கும் அன்றாடச் சொல்லாகவும் அது நிலவியது. மண்ணுக்கும் விண்ணுக்கும் பொதுவான நீதிச்சொல் அது.

1066ஆம் ஆண்டு அந்நிலையைக் குலைத்தது. நோமண்டித் தலைவன் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரசனானான். நிலம் அவன் தோழர் கைக்கு மாறிற்று. நீதிமன்றம் நாளடைவிற் பிரெஞ்சு பேசலாயிற்று. ஜட்ஜ், கோர்ட், ஜூரி, வேடிக்ட், செண்டன்ஸ் என இன்று ஆங்கில நீதிமன்றத்தில் ஒலிக்கும் சொற்களெல்லாம் அவ்வழி வந்தவையே. வழக்குகள் ஆங்கிலத்திற் பேசப்படவேண்டும் என்று 1362இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டதென்றால் நிலைமையை வேறு விளக்க வேண்டியதில்லை. தன் மொழியில் தீர்ப்புக் கேட்ட உழவன், விளங்காத மொழியில் விதிக்கப்பட்டதை ஏற்கவேண்டியவனானான். மன்றிலிருந்து வெளியேற்றப்பட்ட டோம் கோவிலிலும் அச்சத்திலும் புகலிடம் தேடியது.

இம்மாற்றத்துக்குச் சான்றாக ஒரு நூலின் பெயரே நிற்கின்றது. 1085ஆம் ஆண்டு கிறிஸ்துமசுப் பண்டிகைக் காலத்தில் குளொஸ்ரர் நகரிற் கூடிய அவையில், தன் நாடு எத்தன்மையது, எவரெவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கின்றனர் என்று கணக்கெடுக்க வில்லியம் ஆணையிட்டான். அடுத்த ஆண்டே அதிகாரிகள் மாவட்டந்தோறும் சென்றனர். முன்னைய மன்னன் எட்வேட் காலத்தில் நிலம் யாருடையது, இப்போது யாருடையது, ஏர்கள் எத்தனை, ஆலைகள் எத்தனை, மதிப்பு எவ்வளவு என்று ஊராரைச் சத்தியத்தின்பேரிற் கேட்டு எழுதினர். 13,000க்கு மேற்பட்ட ஊர்கள் அதில் இடம்பெற்றன. ஓர் எருதும் ஒரு பசுவும் ஒரு பன்றியும்கூட விடுபடவில்லை என்று அக்காலத்து ஆண்டுக் குறிப்பாளர் வெட்கத்தோடு எழுதினார். நூல் இலத்தீனில் அமைந்தது. அதிகாரிகள் அதற்கு இட்ட பெயர்களும் வேறு. குடிமக்களோ அதனை ‘டூம்ஸ்டே’ நூல் என்றனர். நியாயத்தீர்ப்பு நாளிற் கூறப்படும் முடிவிலிருந்து தப்புதல் எவ்வாறு இயலாதோ, அவ்வாறே இந்நூலின் முடிவிலிருந்தும் தப்ப இயலாது என்பதாலே மக்கள் இவ்வாறு அழைக்கின்றனர் என்று, 1170ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அரச திறைசேரித் தலைவராயிருந்த றிச்சார்ட் பிட்ஸ்நைஜல் விளக்கினார். வென்றவர் ஆக்கிய கணக்கேட்டுக்குத் தோற்றவர் தம் சொல்லாற் பெயரிட்டனர். அதில் அச்சமும் உண்டு. சிறிது ஏளனமும் இருந்திருக்கலாம். இன்று அந்நூல் இலண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திற் பேணப்படுகின்றது.

அச்சத்தின் பெயரால் வழங்கிய அந்நூலிலே நம்பிக்கையைத் தேடியவரும் உண்டு. எட்வேட் மன்னனின் சொந்த நிலமாயிருந்த ஊர்களிற் குடியிருப்போருக்குத் தனிச் சலுகை இருந்தது. அவர்கள் மீது புதிய ஊழியத்தைச் சுமத்தலாகாது. தங்கள் ஊர் அத்தகையதென்று டூம்ஸ்டே நூல் சான்று கூறும் என நம்பி, 1377ஆம் ஆண்டளவில் வில்ட்ஷயர், ஹாம்ப்ஷயர், சரே முதலிய பகுதிகளிலுள்ள ஏறத்தாழ 40 ஊர்களின் உழவர், தம்மிடையே பணம் திரட்டி, அந்நூலிலிருந்து முத்திரையிட்ட பிரதிகளைப் பெற்றனர். அவற்றைக் கையிற் பிடித்துக்கொண்டு, பண்ணையார்க்குச் செய்துவந்த கட்டாய ஊழியத்தை மறுத்தனர். எழுத்தறியாத மக்கள், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தம் பாட்டன்மாரை நடுங்கவைத்த நூலைத் தமக்குச் சாட்சியாக அழைத்த காட்சி இது. பாராளுமன்றத்தில் நிலவுடைமையாளர் முறையிட்டனர். அப்பிரதிகள் எவரையும் ஊழியத்திலிருந்து விடுவிக்க உதவா என்று தீர்மானிக்கப்பட்டது. உழவர் பெற்ற பக்கங்களில் நிலமும் ஏரும் இருந்தன. ஊழியத்தைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாலாண்டு கழித்து, 1381இல், கென்றிலும் எசெக்ஸிலும் உழவர் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் பிரதி கேட்கவில்லை. பண்ணைக் கணக்கேடுகளைத் தீயிலிட்டனர்.

அதே காலத்தில் விக்கிளிபின் வழிவந்தோர் விவிலியத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தபோது, தீர்ப்புக்கு டூம் என்றும் நீதிபதிக்கு ‘டூம்ஸ்மன்’ என்றும் எழுதினர். 1611இல் வெளிவந்த அரச மொழிபெயர்ப்போ அவ்விடங்களிற் பிரெஞ்சு வழிச் சொற்களையே ஆண்டது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில், டூம் என்ற அளவில் பாமர மக்களின் கண்முன் தோன்றியது ஒரு சித்திரமே. கோவிற் கூடத்தின் வளைவுக்கு மேல் நடுவிற் கிறிஸ்து வீற்றிருக்க, ஒருபுறம் நல்லோர் சுவர்க்கத்துக்கு ஏற, மறுபுறம் பேய்கள் தீயோரை இழுத்துச்செல்லும் அவ்வோவியத்துக்கே டூம் என்று பெயர். நரகத்துக்குச் செல்வோரிடையே முடிசூடியவரையும் ஆயரையும் வரையத் தயங்காத ஓவியர் இருந்தனர். சமயச் சீர்திருத்தத்தின்போது இவை சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டன. சவ்வக் மாவட்டத்து வென்ஹாஸ்டன் கோவிலில் பலகையில் தீட்டிய டூம் ஒன்று, 1892இல் திருத்தவேலையின்போது பயனற்ற மரமெனக் கழற்றி வெளியே போடப்பட்டது. இரவிற் பெய்த மழை சுண்ணாம்பைக் கழுவ, காலையில் உருவங்கள் தெரிந்தன.

ஸ்ராட்போட் நகரத்துச் சங்கச் சிற்றாலயத்திலும் ஒரு டூம் ஓவியம் இருந்தது. அங்கே உருவங்களைச் சிதைப்பதற்கு 2 ஷிலிங் செலவிட்டதாக நகரக் கணக்கிற் குறித்தவர் ஜோன் சேக்ஸ்பியர். கணக்கு ஒப்படைக்கப்பட்ட 1564ஆம் ஆண்டிலேயே அவர் மகன் வில்லியம் பிறந்தான். தந்தை மறைப்பித்த சொல்லை மகன் மேடையேற்றினான் எனலாம். ‘றோமியோவும் ஜூலியற்றும்’ நாடகத்தில், இளவரசன் தனக்கு என்ன தண்டனை விதித்தான் என்று வினவும் றோமியோ டூம் என்னும் சொல்லையே கையாளுகின்றான். உடனே நியாயத்தீர்ப்பு நாளையும் அதனோடு இணைத்துச் சொல் விளையாடுகின்றான். பழம்பொருள் அன்றும் முற்றாக அறவில்லை.

ஏறத்தாழ 1600ஆம் ஆண்டளவிற் சொல்லின் இறுதித் திருப்பம் நிகழ்கின்றது. ஊழைக் குறிக்கப் பழைய ஆங்கிலத்தில் ‘வீர்ட்’ என்ற சொல் இருந்தது. அது ஒதுங்கி, விசித்திரமானது என்னும் இன்றைய பொருளுக்குத் திரிந்தது. வெற்றிடத்தில் டூம் வந்து அமர்ந்தது. தீர்ப்பு என்னும் பொருள் சுருங்கித் தண்டனைத் தீர்ப்பாகி, தண்டனை விதியாகி, விதி அழிவாயிற்று. இலத்தீனில் ஊழைக் குறிக்கும் ‘பாற்றும்’ என்ற சொல்லும் கூறப்பட்டது என்னும் பொருளுடையதே. தமிழில் வழங்கும் ‘விதி’ என்னும் சொல்லை நோக்கினால் ஒப்புமை இன்னும் நெருங்கும். சட்டவிதி, இலக்கணவிதி என்னும்போது அது நெறி. தலைவிதி என்னும்போது அது ஊழ். அச்சொல் முற்குறித்த ‘தா’ என்னும் வடமொழி வினையடிக்கு முன் ‘வி’ சேர்ந்து பிறந்தது. எனவே விதியும் டூமும் ஒரு வேரின் இரு கிளைகள். ஒன்றையொன்று அறியாது ஆயிரக்கணக்கான கல் தொலைவில் வளர்ந்தும், இரண்டும் நெறியிற் தொடங்கி ஊழில் வந்து சேர்ந்தன. வேறுபாடு ஒன்றுண்டு. தமிழில் விதி தன் பழைய பொருளையும் கைவிடவில்லை. ஆங்கிலத்தில் டூம் கைவிட்டது.

முற்றாகக் கைவிட்டது என்றும் சொல்லிவிட இயலாது. கிங்டம், விஸ்டம், பிறீடம் என்னும் சொற்களின் ஈற்றில் ஒட்டிக்கொண்டிருப்பது அப்பழைய டோமே. அரசனின் அதிகாரம் அரசு. அறிவுடையோனின் நிலை ஞானம். கட்டற்றவனின் நிலை சுதந்திரம். ‘தேயோடம்’ எனப்பட்ட அடிமை நிலை வழக்கொழிந்தது, ‘பிறீடம்’ எஞ்சியது. 19ஆம் நூற்றாண்டில் சலிப்பைக் குறிக்கும் ‘போர்டம்’ என்பதும் இவ்வரிசையிற் சேர்ந்தது. கருதுதல் என்னும் பொருளில் வழக்கறிஞர் நாள்தோறும் பயன்படுத்தும் ‘டீம்’ என்னும் வினையும் டோமின் மகவே.

ஸ்கொத்லாந்தில், தீர்ப்பை உரத்துக் கூறும் அலுவலர் டெம்ஸ்ரர் எனப்பட்டார். பின்னாளில் தூக்கிலிடுபவனே அப்பணியையும் செய்த கொடுமையை வால்ரர் ஸ்கொட் தம் ‘மிட்லோதியனின் இதயம்’ என்னும் 1818ஆம் ஆண்டு நாவலிற் காட்டியுள்ளார். இன்று அங்கே அது குடும்பப் பெயராக மட்டும் வழங்குகின்றது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவிலோ பதவியே நிலைத்திருக்கின்றது. அத்தீவின் உயர் நீதிபதிகளுக்கு டீம்ஸ்ரர் என்றே பெயர். ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் சென்ற் ஜோன்ஸ் என்னும் ஊரிலுள்ள நான்கு அடுக்கு மண்மேட்டின்மீது பாராளுமன்றம் திறந்தவெளியிற் கூடும்போது, புதிய சட்டங்களின் சுருக்கத்தை மக்கள் கேட்க ஆங்கிலத்தில் அறிவிப்பவர் டீம்ஸ்ரரே. மான் மொழியிலும் அது படிக்கப்படுகின்றது. பதவியேற்கும்போது டீம்ஸ்ரர், ஹெரிங் மீனின் முதுகெலும்பு அம்மீனின் நடுவிற் கிடப்பது போல இருபுறமும் சாயாது சட்டத்தைச் செலுத்துவதாகச் சத்தியம் செய்கின்றார். அத்தீவு மக்கள் பல நூற்றாண்டுகளாக உண்டு வாழ்ந்த மீன் அதுவே.